கேட்டால் சொல்கிறேன்: காட்டில் எல்லைக்கல் ஊன்றியபோது

சென்ற இதழில் ஒரு வாசகர், பேராக் மாநிலத்து லாசா சாலையோரம் பெத்தாய்க் காய் விற்கும் ஒராங் அஸ்லி மக்கள், அதாவது நம் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகள், ஏன் இன்னும் ஏழ்மையில் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். அவர்களுடைய நிலத்தை வெள்ளைக்காரன் சட்டம் போட்டே இல்லாமலாக்கினான், அதன் மேல்தான் நம் தோட்டங்கள் எழும்பின என்று நாலு வரியில் பதில் எழுதினேன். நாலு வரி போதாது என்று கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் வந்திருக்கின்றன. சிலருக்குக் கோபமும் இருக்கிறது. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிய வாசகர்களுக்கு: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். நில அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

கேள்வி: அம்மா, ஒராங் அஸ்லி மக்களை அந்தக் காலத்தில் அடிமைகளாகப் பிடித்து விற்றார்கள் என்று படித்தேன். அதை நிறுத்தியது வெள்ளைக்காரன்தானே? மருந்தும் பள்ளியும் கொடுத்ததும் அவன்தான். அவனைக் குற்றம் சொல்வது நியாயமா? (கல்லூரி மாணவர், கம்பார்)

நல்ல கேள்வி, தம்பி. பிடித்துப் போனது உண்மை. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையடிவாரங்களில் அடிமை பிடிக்கிறவர்கள் இரவில் குடியிருப்புக்குள் புகுந்து பெரியவர்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். ஆங்கிலேயரோடு செய்த 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேராக்கில், சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில், ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தார். 1880களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பின்னாளில், 1957இல், கோம்பாக்கில் ஒராங் அஸ்லி மக்களுக்கென்றே மருத்துவமனை வந்தது. இதையெல்லாம் நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் ஆளை விடுவித்த அதே ஆட்சி மண்ணை எடுத்துக்கொண்டது. அதைத் துப்பாக்கி காட்டி எடுக்கவில்லை, ஒரு பதிவேட்டை வைத்து எடுத்தது. என் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பதிவேட்டோடுதான் கழிந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டோரன்ஸ் முறை என்று ஒன்று உண்டு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அங்கேயும் பூர்வகுடிகளுக்கு நிலம் உண்டு என்று ஒத்துக்கொள்ளாத ஒரு நாட்டில்தான் அது பிறந்தது. அதன் விதி மிக எளிமையானது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, நிலம் அவருடையது. எத்தனை தலைமுறை உழுதாய், யார் நட்ட மரம், எந்தப் பாட்டனை எங்கே புதைத்தாய், ஒன்றும் கணக்கில் வராது. அந்த முறையை இங்கே கொண்டு வந்தார்கள். 1897இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கிலும் அதே அச்சில் நிலச் சட்டங்கள் வந்துவிட்டன. பெயர் பதியாத நிலம் எல்லாம் அரசு நிலம். அரசு நிலம் என்றால் விண்ணப்பம் போடுகிறவனுக்குக் கொடுக்கலாம்.

விண்ணப்பம் போட என்ன வேண்டும்? அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அளவைக்கும் வருடாந்திர வரிக்கும் காசு வேண்டும். அப்புறம் நிலம் அசையாமல் நான்கு எல்லைக்கல்லுக்குள் அடங்க வேண்டும். ஒராங் அஸ்லியில் இரண்டு பிரிவினரான தெமியார், செமாய் மக்களின் விவசாயம் அப்படி அடங்காது. ஒரு சரிவை வெட்டி எரித்து மலைநெல்லும் மரவள்ளியும் போடுவார்கள். ஓரிரண்டு விளைச்சலுக்குப் பிறகு அதைப் பல வருடம் காடாக வளர விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். ஒரு சுற்று முடிந்து திரும்பி வரும்போது மண் தேறியிருக்கும். அளவைக்காரர் கண்ணுக்கோ வளர விட்ட சரிவு காலி நிலம். காலி நிலத்தில் கித்தா நடலாம்.

கித்தா எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்க நம் ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி, 1877இல் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரத்துக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலாய்க் கிராமத்து நிலம் கித்தா முதலாளிகள் கைக்குப் போய்விடக் கூடாது என்று 1913இல் மலாய் ரிசர்வ் சட்டம் போட்டார்கள். காட்டு மக்களுக்கு அந்த மாதிரி ஒரு காப்புச் சட்டம் 1939 வரை இல்லை. அதுவும் பேராக்கில் மட்டும், பேட் நூன் என்ற மானிடவியலாளர் தெமியார் மக்களோடு வாழ்ந்து பார்த்து வற்புறுத்தியதால் வந்தது. அதற்குள் அடிவாரம் முழுக்கத் தோட்டமாகிவிட்டிருந்தது.

கேள்வி: நிலம் எல்லாருக்கும் பொது என்றால் தினமும் சண்டைதானே வரும்? கிராண்ட் (நிலப் பட்டா) இருந்தும் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறோம்! (ஒரு வாசகி, பீடோர்)

சகோதரி, எல்லாமே எல்லாருக்கும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அவர்களுக்குள் யாருக்கு எது என்பது தெளிவாகவே இருந்தது. வெட்டித் திருத்திய சரிவின் விளைச்சல் திருத்திய குடும்பத்துக்கு. டுரியான், பெத்தாய் மாதிரி பல தலைமுறை நிற்கும் மரங்கள் நட்டவருக்கும் அவர் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கும். ஓர் ஆற்றுப்பள்ளத்துக்கு இன்ன வம்சம் என்பது சுற்றியிருக்கிற எல்லாருக்கும் தெரியும். செமாய் மக்கள் அந்தப் பூர்வீக நிலத்தைச் சாக்கா என்பார்கள். விற்கவோ அடகு வைக்கவோ மட்டும் முடியாது. அந்த எண்ணமே அங்கே கிடையாது.

உணவு விஷயம் இன்னும் ஆழமானது. காட்டுப்பன்றி மாதிரி பெரிய வேட்டை கிடைத்தால் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். செமாய் மக்களிடம் புனான் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. ஒருவர் ஆசைப்பட்ட உணவை அவருக்குக் கொடுக்காமல் விட்டால், அந்த ஏக்கத்தாலேயே அவருக்குப் பாம்புக்கடியோ புலியோ வேறு ஆபத்தோ வந்து சேரும் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். நம்மிடம் கண்பட்டுவிடும் என்ற பயத்தில் சோற்றை மறைக்கிறோம். அவர்களிடம் மறைத்தால் அடுத்தவருக்கு ஆபத்து வந்துவிடுமே என்ற பயம். பங்கு கொடுத்ததற்கு நன்றி சொல்வதையும் அவர்கள் விரும்புவதில்லை. அளந்து பார்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று நினைப்பார்கள்.

சண்டை வந்தால்? பிச்சாரா என்று கூட்டம் போடுவார்கள். இரண்டு தரப்பு உறவுகளும் ஒரே வீட்டில் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் தன் குறையைச் சொல்லிக்கொண்டே போவார், குறுக்கே பேச மாட்டார்கள். இரவு முழுக்க நடக்கும், அடுத்த நாளும் நீளும். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லாருக்கும் தோன்றிய பிறகு மூத்தவர் ஒருவர் பேசி முடித்து வைப்பார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தண்டம் கட்டுவதைவிட உறவு ஒட்ட வேண்டும் என்பதே முக்கியம். நம் ஊர்ப் பஞ்சாயத்தின் நல்ல நாளை நினைவுபடுத்தும் ஏற்பாடு இது. சாதிக்கொரு வரிசை இல்லாத பஞ்சாயத்து என்று சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்கு ஆட்சி என்ன செய்தது? அந்த மூத்தவருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. அவர் பேச்சு பிடித்தால் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு இது ஒத்துவரவில்லை. கூப்பிட்டால் வந்து நிற்கவும், சொன்னதைத் தன் ஆட்கள் சார்பில் ஏற்றுக்கொள்ளவும் அவருக்கு ஒரு தலைவர் வேண்டும். மலாய் அரசவைகள் முன்பே ஆங்காங்கே பட்டம் கொடுத்திருந்தன. ஆங்கிலேயர் அதை நிர்வாகமாக்கினார்கள். 1954இல் வந்த பூர்வகுடி மக்கள் சட்டத்தில் தலைவரை உறுதிப்படுத்தவும் நீக்கவும் அதிகாரம் மேலே போய்விட்டது. இன்றைக்கும் அமைச்சரிடம்தான் இருக்கிறது. ஜனங்கள் ஏற்றுக்கொண்டதால் மூத்தவரானவரும், அலுவலகம் ஏற்றுக்கொண்டதால் தோக் பாத்தின் என்ற கிராமத் தலைவர் ஆனவரும் ஒரே மாதிரி பேச முடியாது. மரம் வெட்டும் நிறுவனத்தின் காகிதத்தை யாரிடம் நீட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி: நாங்களும் கப்பலில் கொண்டுவந்து போடப்பட்டவர்கள்தான். அட்டைக்கடியும் மலேரியாவுமாகச் செத்தோம். அவர்கள் நிலத்தை நாங்களா எடுத்தோம்? எங்கள் மேல் பழி போடாதீர்கள். (ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், கோல சிலாங்கூர்)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. நாம் எடுக்கவில்லை. கிராண்ட் கம்பெனி பெயரில் இருந்தது, நமக்கு லயத்துக் கூரைகூடச் சொந்தமில்லை. 1910 வரை ஒப்பந்தக் கூலி, அதற்குப் பிறகும் முன்பும் கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வரும் முறை. 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை அப்படித்தான் வந்தோம். பழி போடுவது என் நோக்கமே இல்லை.

ஆனால் நாம் எங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டோம் என்று தெரிந்துகொள்வது நம் கடமை. நான் பிறந்த தோட்டத்தில், ஆற்றை ஒட்டிய கடைசிக் காட்டில் கித்தா மரங்களுக்கு நடுவே நாலைந்து கிழட்டு டுரியான் மரங்கள் நின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். கம்பெனி நட்டதல்ல. பழக்காலம் வந்தால் மலையிலிருந்து ஒரு செமாய்க் குடும்பம் இறங்கி வரும். பெரியவர் ஒருவர், இரண்டு மூன்று பெண்கள், முதுகில் பிரம்புக்கூடை. மரத்தடியில் சிறு குடிசை போட்டுக்கொண்டு விழுகிற பழத்தைப் பொறுக்குவார்கள். தோட்டத்துக் காவலாளி நம்மவர்தான். அவர் போய் விரட்டுவார். லயத்தில் எல்லாரும் ‘பழத் திருடர்கள் வந்துவிட்டார்கள்’ என்று பேசிக்கொள்வார்கள். என் அப்பா மட்டும் ஒருநாள் வீட்டில் சொன்னார்: “அவன் தாத்தன் வச்ச மரம்டா அது. நாமதான் அங்க போய் உக்காந்திருக்கோம்.” அப்பா நாள் முழுக்கப் பால் வெட்டிவிட்டு வந்து அதிகம் பேசாத மனிதர். அந்தப் பேச்சைப் பல வருடம் கழித்து, அலுவலகத்தில் பழைய வரைபடங்களை விரித்துப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வரைபடத்தில் அந்த இடம் லாட் எண்ணும் ஏக்கர் கணக்குமாக இருந்தது. மரம் இல்லை, குடும்பம் இல்லை.

நீங்கள் மண்டோராக இருந்தவர், இதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்குப் பட்டம் கொடுத்துத் தலைவரை ஆக்கியது போலவே நம்மிடம் கங்காணியை ஆக்கினார்கள். ஊரில் பங்காளி, மாமன் மச்சான் என்று இருந்த உறவெல்லாம் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் கங்காணிக்குக் கீழே ஒரே வரிசையில் நின்றது. தொரை பேச வேண்டியது ஒருவரிடம் மட்டும்.

பிறகு நமக்கும் அதே பதிவேடு திரும்பி வந்தது. 1950களில் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். நம் ஊர்க்காரரும் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். கூலிக்காரன் காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கித் தன் பெயரில் பதிந்துகொள்ளட்டும் என்று. அந்த வழியாவது நமக்கு இருந்தது. சம்பளம் என்ற ஒன்று கையில் வந்ததால் இருந்தது. மலையில் இருந்தவருக்கு எந்தச் சம்பளம்?

கேள்வி: அவசரகாலத்தில் ஒராங் அஸ்லி மக்களை முகாமில் அடைத்தார்களாமே, ஏன்? (உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, ஈப்போ)

1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போனார்கள். காட்டில் வழியும் உணவும் தெரிந்தவர்கள் ஒராங் அஸ்லி. அதனால் அவர்களைக் காட்டிலிருந்து பிரித்தால் சரியாகிவிடும் என்று ராணுவம் கணக்குப் போட்டது. மலைக் குளிரில் வாழ்ந்தவர்களை லாரியில் ஏற்றித் தாழ்நிலத்து முள்வேலி முகாம்களில் இறக்கினார்கள். பழகாத வெக்கை, பழகாத சாப்பாடு, அம்மை, வயிற்றுப்போக்கு. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மனம் விட்டுப்போயே செத்தவர்களும் உண்டு என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

தவறு என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார்கள். 1950களின் தொடக்கத்தில் காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டி, அங்கே மருந்து, உப்பு, துணி கொடுத்தார்கள். பிளஸ் ஆற்று மேற்பகுதியில் இருந்த லெகாப் கோட்டை அப்படி வந்ததுதான், இன்று பொஸ் லெகாப். சாவு குறைந்தது, உண்மை. ஆனால் ஆறு ஆறாக நகர்ந்து வாழ்ந்தவர்கள் கோட்டையைச் சுற்றி ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சுற்றுமுறை விவசாயம் அதோடு முடங்கியது. அந்த யுத்தத்தின் நடுவில் போட்ட 1954 சட்டம்தான் இன்றைக்கும் அவர்களை ஆளும் சட்டம்.

என் பாட்டி சொன்ன ஒரு விஷயத்தையும் வகுப்பில் சொல்லுங்கள், டீச்சர். யுத்தத்துக்கு முன்பு பாட்டி உப்பும் கருவாடும் கொடுத்து, மலையிலிருந்து வருகிறவர்களிடம் பிரம்பும் பெத்தாயும் வாங்குவாராம். காசு நடுவில் வராது. அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று நம் லயத்தைச் சுற்றியும் வேலி போட்டார்கள். ஒரு பிடி அரிசியை வேலிக்கு வெளியே கொண்டுபோனால் குற்றம். பெண்களை நிறுத்திச் சோதனை போட்டார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் அன்றோடு அறுந்தது. வேலி போன பிறகும் பழையபடி ஆகவில்லை. அடுத்த தலைமுறைக்கு அவர்கள் வெறும் ‘காட்டு ஆட்கள்’ ஆகிவிட்டார்கள்.

கேள்வி: இப்போது அவர்களும் கைபேசி, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். இன்னும் எதற்குப் பூர்வீக நிலம் என்று பிடிவாதம்? (வாசகர், கூலிம்)

நீங்களும் கைபேசி வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு கிராண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா?

1954 சட்டப்படி அவர்கள் நிலத்தை எடுத்தால் மரத்துக்கு இழப்பீடு உண்டு. மண்ணுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியையும் மாநில அரசு ஓர் அரசிதழ் அறிவிப்பில் ரத்து செய்யலாம். இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் அந்த மக்களே. ஜொகூர் லிங்கியூவில் அணைக்காக நிலம் இழந்த ஜக்குன் என்ற ஒராங் அஸ்லி பிரிவினருக்கு 1997இல் உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. அடுத்தது சாகோங் தாசி வழக்கு. கோலாலம்பூர் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டிங்கில் புக்கிட் தம்போயில் 38 ஏக்கர் இழந்த தெமுவான் என்ற இன்னொரு பிரிவு மக்கள் தொடுத்தது. மரத்துக்கு மட்டும் காசு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மண்ணே அவர்களுடையது என்று 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று இந்த நாட்டு நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு அப்பாவின் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

அதே டிங்கிலில்தான் நம் பிராங் பெசார் தோட்டத்து மக்களும் புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகக் காலி செய்துவிட்டு வந்து அடுக்குமாடியில் குடியேறினார்கள். சில மைல் தூரத்தில் இரண்டு சமூகங்கள், ஒரே காலத்தில். இரண்டும் ஒன்றையொன்று போய்ப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆதங்கம் உண்டு.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்களை ஒராங் அஸ்லி கிராமத்துக்கு அழைத்துப்போக ஆசை. பழைய துணி சேர்த்து வைத்திருக்கிறோம். வேறு என்ன கொண்டுபோகலாம்? (பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், தாப்பா)

போங்கள், அவசியம் போங்கள். ஆனால் பழைய துணியை வீட்டிலேயே வையுங்கள். முதலில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் போய்த் தோக் பாத்தினையும் கிராமத்துப் பெண்களையும் சந்தித்து, வரலாமா, எந்த நாள் தோது என்று கேளுங்கள். ஒராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவான ஜாக்கோவாவின் அனுமதியும் வேண்டியிருக்கும், முன்கூட்டியே எழுதுங்கள். சாவு விழுந்த வீடோ, நோய்க்காகச் சேவாங் என்ற பாட்டும் ஆட்டமுமான சடங்கு நடக்கிற நேரமோ என்றால் தள்ளிப் போடுங்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொட்டலம் கொடுக்கிற படம் வேண்டாம். நம் பிள்ளைகளை அப்படி நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் கொண்டுபோனதை எல்லா வீட்டுக்கும் வரும்படி பங்கிடச் சொல்லி அவர்களிடமே ஒப்படையுங்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். வேட்டைக்கான ஊதுகுழல் எப்படிச் செய்கிறார்கள், எந்த மரம் யார் வைத்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பதிலுக்குத் தங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று சொல்லட்டும். மொழிக்குக் கவலை வேண்டாம், இரண்டு பக்கமும் மலாய் தெரியும்.

வரும் வழியில் சாலையோரம் பெத்தாய், மூங்கில் கூடை, காட்டுத்தேன் இருந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள். தாப்பாவில் இருக்கிற உங்களுக்குக் கேமரன் மலைச் சாலை பக்கம்தான், தூரம் ஒரு சாக்கே இல்லை. போய்வந்த பிறகு பிள்ளைகள் எழுதியதில் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பி வையுங்கள், அடுத்த இதழில் போடலாம்.